பாதி எண்ணெய்

அவருக்குக் காப்பி கொடுப்பதென்றால் ஆற்றித்தான் கொடுக்க வேண்டும். சூடாகக் கொடுத்தால் அப்படியே வைத்துவிட்டுப் போய்விடுவார். "இது ஆறுத வரைக்கும் யாரு நிக்கது தங்கச்சி?" என்பார். அந்தக் கேள்வி முடியும்போது ஆள் தெருவில் இருப்பார்.

தென்காசியில் எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தார். பஸ் டிரைவர். என் வீட்டுக்காரர் அதே பஸ் முதலாளியிடம் வண்டிகளுக்கு உதிரி சாமான் வாங்கிப்போடும் வேலையில் இருந்தார். வயதில் மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணாச்சி என்றேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. பேரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அதனால் நானும் இங்கே பேரைச் சொல்லவில்லை.

ஒல்லியான ஆள். நின்றால் ஒரு காலில் நிற்பார், மற்றக் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவர் மனைவி, நான் மதினி என்று கூப்பிடுபவள், நேரெதிர். ஒரு வேலையை எடுத்தால் நிதானமாகச் செய்வாள், பேச்சும் அப்படித்தான். ஒரு நாள் பூ கட்டிக்கொண்டே சொன்னாள்: "தூங்கும்போதும் அவுக வலது காலு எதையோ மிதிச்சிக்கிட்டேதான் இருக்கும். கட்டிலுக்கு சக்கரம் இல்ல, அதான் விடியுத வரைக்கும் வீட்டுல இருக்காவ."

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அவருக்கு ஓயாத ஓட்டம். தென்காசியிலிருந்து அருவிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும் கொண்டுவருவதுமாக இருப்பார். வெளியூர்க்காரர்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் அருவியில் நிற்பார்கள். இவர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து துண்டை உதறுவார். "அண்ணாச்சி, கொஞ்சம் நின்னு குளிக்கக் கூடாதா?" என்று கேட்டால், "நிக்கணும்னா நான் பாறையால்லா பொறந்திருக்கணும்" என்பார்.

ஒருமுறை மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று ஏறியது. பெண்டாட்டியும் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். புருஷன் ஒரு காலைப் படியில் வைத்து, தலைத்துண்டை எடுக்கத் திரும்பினான். வண்டி கிளம்பிவிட்டது. அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் பாதி வழியில் நிறுத்தினார். வண்டியைத் திருப்ப நேரமாகும் என்று அவ்வளவு தூரமும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு போய், அந்த ஆளை ஏற்றிக்கொண்டு வந்தார். ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணம் ஆகி நான் தென்காசிக்கு முதன்முதலில் வந்தது அவர் பஸ்ஸில்தான். வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அவரைக் கண்டால் பிடிக்கும். அவர் ஓட்டும் வண்டி என்றால் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பேன்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. பஸ்ஸின் பின்னால் உயரமான இரும்பு அடுப்பைக் கட்டி, அதில் கரியைப் போட்டுப் புகையில் ஓட்டச் சொன்னார்கள். கிளம்புவதற்கு முன் கரி பிடிக்க வேண்டும். அதற்காகக் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று அடிக்க வேண்டும். ஏற்றத்தில் வண்டி முக்கி நிற்கும், ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். அண்ணாச்சிக்கு அது நரகம். "பொங்கலுக்கு அடுப்பு மூட்டுத மாதிரி மூட்டிக்கிட்டு நிக்கேன் தங்கச்சி. இது டிரைவர் வேலையா, சமையல் பண்ணுத தவசிப்பிள்ளை வேலையா?"

அப்போதுதான் முதலாளி ஒரு லாரியில் நீள வாக்கில் இரும்பு டாங்கு ஒன்றைப் பொருத்தி, சீமெண்ணெய் ஏற்றி அனுப்பத் தொடங்கினார். தென்காசியில் நிரப்பி, செங்கோட்டை, புளியரை தாண்டி மலை ஏறி, ஆரியங்காவு வரைக்கும் கடை கடையாக இறக்க வேண்டும். சீமெண்ணெய் வண்டி என்பதால் அதற்கு மட்டும் பெட்ரோல் கிடைத்தது. அண்ணாச்சி முதலாளி முன்னால் போய் நின்று, அந்த வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சூடான காப்பியையே குடித்துவிட்டுப் போனார். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாளே வம்பு வந்தது. அன்றைக்குப் பாதி டாங்குக்குத்தான் எண்ணெய் கிடைத்திருந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சீமை. ஊருக்குள் நுழையும் முன் சுங்கச் சாவடியில் வழியை மறித்து மூங்கில் போட்டிருப்பார்கள். வழக்கம்போல் கிட்டத்தில் போய்த்தான் பிரேக்கை மிதித்திருக்கிறார். வண்டி நின்றது. நின்ற பிறகு, யாரோ பின்னாலிருந்து இடித்தது போல் ஒரு தள்ளு. மூங்கில் இரண்டாக முறிந்து, சாவடிச் சேவகர் நாற்காலியோடு சாய்ந்தார். "எந்தாடோ இது, தனக்குக் கண்ணு காணில்லே?" என்று அவர் எழுந்து மலையாளத்தில் கத்த, "நான் நின்னுட்டேன்யா, சத்தியமா நின்னுட்டேன்!" என்று இவர் கத்தியிருக்கிறார். யாரும் நம்பவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தவர் முகம் சரியில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "மாப்ளே, பிரேக்கு புடிச்சா வண்டிதான் நிக்குது. எண்ணெ நிக்க மாட்டேங்கு. பின்னால கெடந்தது பூராவும் முன்னால ஓடி வந்து ஒரு இடி இடிக்கி. அந்த இடியில நின்ன வண்டி மறுபடி நவுருது."

"புரியலையே அண்ணாச்சி."

அடுப்படியில் எட்டிப் பார்த்து, என் நீளத் தாம்பாளத்தை வாங்கிப் பாதிக்குத் தண்ணீர் விட்டார். அதைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்தில் விறுவிறுவென்று நடந்து சட்டென்று நின்றார். தண்ணீர் முன்பக்கம் எகிறி என் வீட்டுக்காரர் வேட்டியில் கொட்டியது. பிறகு தாம்பாளத்தை வளைத்துத் திரும்பினார். தண்ணீர் ஒரு ஓரமாக ஏறி, அவர் கையையே அந்தப் பக்கம் இழுத்தது.

"வளைவுல இப்படித்தான் ஒதுங்குது. ஒதுங்குனது சும்மாக் கெடக்காது. வண்டியையும் கூட்டிக்கிட்டுப் பள்ளத்துக்குப் போவப் பாக்கும். டாங்கு நெறஞ்சிருந்தா அது அசைய எடம் இல்ல. காலியா இருந்தா அசைய ஒண்ணுமில்ல. பாதி இருந்தாத்தான் சனியன்."

நான் தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்: "நாங்க கொடத்துல தண்ணி எடுத்துட்டு வரும்போது தளும்பாம இருக்க வேப்பங்கொழை போட்டுக்கிடுவோம்லா அண்ணாச்சி."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். டாங்குக்குள் இரும்புத் தகட்டில் துளை போட்டு நாலு இடத்தில் தடுப்பு வைத்தால் எண்ணெய் ஒரேயடியாக ஓடாது என்று கணக்குப் போட்டு, மறுநாள் முதலாளியிடம் சொன்னார். முதலாளி மறுக்கவில்லை. "அடுத்த தடவை ரிப்பேருக்குச் செட்டுல விடும்போது பாப்போம்" என்றார். வண்டி செட்டுக்குப் போகவில்லை. எண்ணெய்க்கு அத்தனை பேர் காத்திருக்கும்போது வண்டியை எப்படி நிறுத்துவது என்று அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது.

அந்த மாசங்களில் அண்ணாச்சி மாறிப்போனார். வேகத்தில் பிறந்து வேகத்தில் வளர்ந்த ஆள், வளைவுக்கு வளைவு ஊர்ந்து போக வேண்டியிருந்தது. நிற்க வேண்டிய இடத்துக்கு எவ்வளவோ முன்னாலேயே மெல்ல மெல்ல மிதிக்க வேண்டும். மாட்டு வண்டிகள் அவரைத் தாண்டிப் போயின. வண்டிக்காரர்கள் கேலி பேசினார்கள். உடம்புக்குள் அடக்கி வைத்தது வேறு வழியில் வெளியே வந்தது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி புண்ணாகிவிட்டது. தெருவில் நடந்து போகும்போது திடீரென்று பின்னால் திரும்பிப் பார்ப்பார். "கோயிலுக்குப் போனோம். பிரகாரத்துல அவுக சட்டுனு நின்னு, நான் பின்னால வந்து இடிச்சிருவேன்னு கைய நீட்டி மறிக்காவ" என்று மதினி சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

என் தலைப்பிரசவத்துக்கு ஆரியங்காவுக்குப் போனேன். அப்பா அங்கே காட்டில் மரம் வெட்டும் கூப்பில் காவல் வேலை பார்த்தார். அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. ரயில் பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுபோனது. அப்பாவும் கூப்பு ஆட்களும் மண் அள்ளப் போயிருந்தார்கள். எனக்கு முந்தின நாளே வலி கண்டுவிட்டது. விடிந்து வெகுநேரம் ஆகியும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். "குறுக்கே கெடக்கு. இது எனக்கு ஆவாது. தென்காசி ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிருங்க."

அம்மா ரோட்டுக்கு ஓடினாள். கடை வாசலில் அண்ணாச்சியின் லாரி நின்றது. வழக்கமாக ஆரியங்காவில் மிச்சம் முழுவதையும் இறக்கிவிட்டுக் காலியாகத்தான் திரும்புவார். அன்றைக்குக் கடைக்காரரிடம் பீப்பாய் இல்லை. ரயிலில் வர வேண்டிய பீப்பாய்கள் வழியில் நின்றுவிட்டன. டாங்கில் பாதி அப்படியே இருந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எப்படி இறங்குவது என்று அவர் யோசித்துக்கொண்டு நின்ற நேரம் அது.

வீட்டுக்குள் வந்து என்னைப் பார்த்தார். "நம்ம தங்கச்சியா!" என்றார். அவரும் அம்மாவும் மருத்துவச்சியும் சேர்ந்து என்னைத் தூக்கி முன் இருக்கையில் வைத்தார்கள். அம்மா என் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள்.

முதல் வளைவில் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. அருவி பாறையில் விழுகிற மாதிரி, ஆனால் மூடிய இரும்புக்குள். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, திரும்பி வந்தது. அந்த ஆட்டத்தில் என் வலி இரட்டிப்பானது. நான் கத்தினேன். அவர் இன்னும் மெதுவாக்கினார். மெதுவாக்கியதும் எண்ணெய் முன்னால் வந்து இடித்தது. அதற்கும் கத்தினேன். ஒவ்வொரு வளைவும் அப்படித்தான் கழிந்தது. நான் பார்த்தவரை அவர் முகத்திலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டே இருந்தது, வெளியே மழை.

மலை உச்சியில் இருக்கும் கோட்டைவாசல் வந்தது. அதற்குப் பிறகு இறக்கம், புளியரை வரை வளைவின் மேல் வளைவு. அம்மா பொறுக்க முடியாமல் கேட்டாள்: "தம்பி, கொஞ்சம் வெரசாப் போவக் கூடாதா? புள்ள கண்ணு சொருகுதே."

"வெரசாப் போனா அடுத்த வளைவுல எல்லாரும் பள்ளத்துல கெடப்போம், ஆச்சி."

"இப்படிப் போனா இவ சேரமாட்டாளே."

அவர் வண்டியை ரோட்டோரம் ஓடைப் பக்கமாகச் சரித்து நிறுத்தினார். இறங்கிப் பின்னால் போனார். இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் எண்ணெய் விழும் சத்தம். அப்புறம் நாற்றம்.

அங்கே ஒரு டீக்கடையும் நாலைந்து குடிசைகளும் இருந்தன. சீமெண்ணெய்க்கு ஜனங்கள் கடை வாசலில் காத்துக்கிடந்து வெறும் புட்டியோடு திரும்பிய காலம் அது. பொழுது சாய்ந்தால் எத்தனையோ வீடுகளில் விளக்கு கிடையாது. முதலில் ஒருத்தி ஓடிவந்து பார்த்தாள். பிறகு குடம், சட்டி, செம்பு, தகர டின் என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். "ஏலே, பீடிய அணைலே! டீக்கடை அடுப்புல தண்ணிய ஊத்துங்க! புடிக்கவன் புடிச்சிக்கோ, வழிய மறிக்காத!" என்று அண்ணாச்சி கத்துவது எனக்குக் கேட்டது.

எண்ணெய் அவர் அவசரத்துக்கு வடியவில்லை. அது தன் போக்கில் விழுந்தது. அவர் டாங்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று. "போ... போயித் தொலை..." என்று அதனிடம் கெஞ்சினார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "தங்கச்சி, முழிச்சிக்கோ, தூங்கிராத" என்பார். மறுபடி போய்த் தட்டுவார். கடைசியில் டாங்கு மணி மாதிரி கணகணவென்று கேட்டது. அது எனக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு அவர் ஓட்டியது பழைய பஸ் ஓட்டம். வளைவுகள் வந்ததும் போனதும் தெரியவில்லை. வண்டி அவர் சொன்ன இடத்தில் திரும்பியது, சொன்ன இடத்தில் நின்றது. சாவடிச் சேவகர் தூரத்திலேயே ஹாரன் சத்தத்தைக் கேட்டு மூங்கிலைத் தூக்கிவிட்டார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். எனக்குப் புளியரைக்குப் பிறகு நினைவில்லை.

நான் பிழைத்தேன். பிள்ளை இல்லை.

ஊரில் பேச்சு எழுந்தது. "புள்ளையும் தங்கல, எண்ணெயும் போச்சு" என்றார்கள். என் காது படவே சொன்னவர்களும் உண்டு. பங்கீட்டுச் சரக்கை ரோட்டில் கொட்டியது யுத்த காலத்தில் சின்னக் குற்றமில்லை. விசாரித்தார்கள். கோட்டைவாசலில் எண்ணெய் பிடித்தவர்கள் அத்தனை பேர், விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது பிடித்தவர் ஒருவரும் இல்லை. அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. "நான்தான் தொறந்து விட்டேன். பாதி எண்ணெயோட அந்த எறக்கத்துல வெரசா வர முடியாது" என்று மட்டும் சொன்னாராம். லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். பிறகு வண்டியைச் செட்டில் விட்டு டாங்குக்குள் தடுப்புகள் வைத்தார். அதை என் வீட்டுக்காரர்தான் கூட நின்று செய்து வாங்கினார்.

பல மாசம் கழித்து லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. அண்ணாச்சி பட்டாளத்து லாரி ஓட்டப் போனார். யுத்தம் முடிந்து உயிரோடு திரும்பி, மதினியை அழைத்துக்கொண்டு கொல்லம் பக்கம் குடிபோனார். அங்கேயும் லாரிதான் என்று கேள்வி. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. எதிர் வரிசை வீடு. ஆனாலும் கண்ணில் படவில்லை. கோபமாக இருப்பாரோ என்று நினைத்தேன். என்னால்தானே வேலை போனது. ஒரு நாள் மதினி வந்து உட்கார்ந்தாள். அப்புறம் மெல்லச் சொன்னாள்: "சோறு எறங்க மாட்டேங்கு அவுகளுக்கு. 'ஆரியங்காவுலயே தொறந்து விட்டிருக்கணும். முதலாளி சரக்குன்னு யோசிச்சேன் பாரு. கோட்டைவாசல் வரைக்கும் ஊந்து வந்தேன், அதுலதான் புள்ள போச்சு'ன்னு பொலம்புதாவ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடம்பு இன்னும் தேறவில்லை. மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு தெருவைத் தாண்டிப் போனேன். அவர் பின்கட்டில் கிணற்று ராட்டினத்தைக் கழற்றிப் போட்டு, மசகு தடவிக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது என்று மதினி முணுமுணுத்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார்.

"அண்ணாச்சி, டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாவ. புள்ள முந்தின நா ராத்திரியே போயிட்டுதாம். ஆரியங்காவுல நீங்க என்னைத் தூக்கும்போதே அதுக்கு உசிரு இல்ல. இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா நானும் இல்லன்னு சொன்னாவ."

கையிலிருந்த மசகை வேட்டியிலேயே துடைத்தார். "நெசமாவா?"

"எம்மேல சத்தியமா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் திரும்பியிருக்கலாம், சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் அத்தனை நாளும் யாரிடமும் கேட்க முடியாதது அங்கே என் வாயில் வந்துவிட்டது.

"நான் பாக்கவே இல்ல அண்ணாச்சி. மயக்கத்துல கெடந்தேன். எங்கம்மாட்ட கேட்டா, அத விடுங்கா. எங்க வீட்டுக்காரவுக திருநெல்வேலிக்கு சாமான் வாங்கப் போயிட்டு வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. பொட்டப் புள்ளன்னு நர்சம்மா சொன்னதுதான் தெரியும்."

கிணற்றடியில் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"நான் பாத்தேன் தங்கச்சி" என்றார். "ஆம்பள யாருமில்லன்னு எங்கையிலதான் குடுத்தாவ. சிற்றாத்துக் கரைக்கு நான்தான் கொண்டுட்டுப் போனேன். மழையா இருந்துது. என் துண்டுல சுத்தி, நெஞ்சோட அணச்சுக்கிட்டு நடந்தே போனேன்."

ராட்டினத்தை ஓரமாக நகர்த்தி வைத்து, நான் உட்காரத் துவைகல்லைத் துடைத்துவிட்டார். நான் உட்கார்ந்ததும் அவரும் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"தலை நெறைய முடி" என்று தொடங்கினார். "நெத்தி உன் நெத்தி. அந்த மூக்கு இருக்கு பாரு, அது அப்படியே மாப்ள மூக்கு. எடது காதுக்குக் கீழ சின்னதா ஒரு மச்சம்..."

இருட்டும் வரை சொன்னார். விரல் நகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அதையும் சொன்னார்.